பொன்னி நம்ம காட்டு வழியாத்தான் போறா!
(கல்கியின் வாழ்க்கையும், எங்கள் விடுதி அறையில் எழுந்த ஒரு கேள்வியும்)

மாணவர் பேரவைச் செயலாளர் வந்து, ஆண்டு மலருக்கு மறைந்த பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதித் தாப்பா என்று கேட்டபோது, முதலில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. விசுவேஸ்வரய்யா, ஜி.டி. நாயுடு, அப்துல் கலாம் என்று எல்லாரையும் நம் சீனியர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். டிப்ளமா படிக்கிறவன் ஒரு கதாசிரியரைப் பற்றி எழுதினால் சிரிப்பார்களோ என்ற தயக்கம் வேறு. ஆனாலும் கல்கியைத்தான் எழுதுகிறேன். காரணம், எங்கள் விடுதி அறையில் நடந்த ஒரு சண்டை!

சண்டை என்றால் கைகலப்பு இல்லீங்க. என் அறைத் தோழன் தளிப் பக்கத்துப் பையன். வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து, மணிரத்னம் எடுத்த பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை (2022) செல்போனில் மூன்று பேரும் பார்த்தோம். படம் முடிந்ததும் அவன் கேட்டான். சோழநாடு வருது, பாண்டியநாடு வருது, கடல் தாண்டி இலங்கையே வருது. நம்ம பக்கம் மட்டும் ஏன் வரலை? கன்னட ராஜா வந்தா எதிரியா மட்டும்தானே வர்றான்? இந்தக் கதை எழுதினவருக்கு நம்மளைக் கண்டா ஆகாதா? இதுதான் கேள்வி. வேப்பனப்பள்ளித் தெலுங்குப் பையன் ஒருத்தன், உங்க ஊராவது எதிரியா வருது, எங்களை அந்த லிஸ்ட்லயும் சேர்க்கலையே என்று சிரித்தான். நான் கல்கி கட்சி. கோபத்தில் என்னென்னவோ பேசிவிட்டேன். அப்புறம் படுத்தபோதுதான் உறைத்தது. அவன் கேட்டதற்கு என்னிடம் பதிலே இல்லை.

கேள்வி சின்னதுதான். ஆனால் எல்லையில் இருக்கிற நமக்கு அது சின்னதில்லை. 2016 செப்டம்பரில் காவிரித் தகராறு வந்தபோது நான் சின்னப் பையன். பெங்களூரில் பஸ்கள் எரிந்தன. பொம்மசந்திரா பக்கம் வேலைக்குப் போயிருந்த என் அப்பா அத்திப்பள்ளியில் இறங்கி, ஜூஜூவாடி வரைக்கும் நடந்தே எல்லையைத் தாண்டி வந்தார். அம்மா வாசலிலேயே நின்றாள். யார் யாருக்கு எதிரி என்பதைக் கதைகள் எங்கிருந்து எடுத்துக் கொடுக்கின்றன என்று கேட்பது, அப்படிப்பட்ட ராத்திரியைப் பார்த்தவனுக்கு வெறும் இலக்கிய விவாதம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கல்கி என்கிற ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9-ஆம் தேதி மாயவரத்துக்குப் பக்கத்தில் மணல்மேட்டை அடுத்த புத்தமங்கலம் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் ராமசாமி ஐயர். வசதியான குடும்பம் இல்லை. அந்த ஊர் காவிரி பாயும் பூமி. வாய்க்கால், மடை, ஆடிப் பெருக்கு, படித்துறை எல்லாம் அவர் கூடவே வளர்ந்தவை. நம்மில் பலருக்குப் பாறையும் ராகி வயலும் மாந்தோப்பும் எப்படியோ, அப்படி அவருக்குத் தண்ணீர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

திருச்சியில் பள்ளிப் படிப்பு. நன்றாகப் படிக்கிற பையன். 1921-ல் இறுதித் தேர்வு நெருங்கும் சமயம், காந்தியின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டுப் படிப்பை உதறினார். நம்ம பாஷையில் சொன்னால், பைனல் இயர் எக்ஸாமுக்கு முன்னால் காலேஜை விட்டவர்! அடுத்த வருடம் ஓராண்டுச் சிறை. வெளியே வந்தவர் 1923-ல் திரு.வி.க. நடத்திய நவசக்தியில் சேர்ந்தார். தமிழ் எழுத்தின் பட்டறைப் பயிற்சி அங்கேதான். 1927-ல் முதல் சிறுகதைத் தொகுதி சாரதையின் தந்திரம் வந்தது. 1928-ல் நவசக்தியை விட்டு விலகினார்.

இதற்கு அடுத்த கட்டத்தைத்தான் கல்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் நாலு வரியில் தாண்டிவிடுகிறார்கள். நான் தாண்டமாட்டேன். ஏனென்றால் அவர் வந்தது நம்ம மாவட்டத்துக்கு!

அன்றைய சேலம் மாவட்டம் மிகப் பெரியது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, நாமக்கல், திருச்செங்கோடு எல்லாம் அதற்குள்ளே. 1965-ல்தான் தருமபுரி பிரிந்தது. 2004-ல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கியிருந்தார். ராஜாஜி யார்? ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கும் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர். அவர் பிறந்த வீடு இன்றும் நினைவில்லமாக நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள், உள்ளே போய்ப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். அந்தத் தொரப்பள்ளிக்காரரைத்தான் கல்கி கடைசி மூச்சு வரை குருவாகக் கொண்டார்.

ஆசிரமத்தில் கதர் நூற்பு, மருத்துவம், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்குப் பிரசாரம். 1929-ல் மதுவிலக்குக்காகவே ராஜாஜி விமோசனம் என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதன் பொறுப்பு கல்கியிடம் வந்தது. கள்ளுக்கடைக் கதைகள், குடிகாரன் வீட்டுக் கதைகள், கார்ட்டூன்கள், பாட்டுக்கள். சாயங்காலம் கூலியை வாங்கிக்கொண்டு நேரே கடைக்குப் போகிறவனையும், அடுப்புப் பற்றவைக்காமல் காத்திருக்கிற அவன் மனைவியையும் கல்கி எழுதினார். அதெல்லாம் கற்பனை மட்டும் இல்லை, ஆசிரமத்தைச் சுற்றியிருந்த வறண்ட கிராமங்களில் கண்ணால் பார்த்தது. பின்னால் 1937-ல் ராஜாஜி சென்னை மாகாண முதலமைச்சர் ஆனதும், அக்டோபர் 1 முதல் மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான்.

என் தோழனுக்கு நான் சொன்ன முதல் பதில் இதுதான். நம்ம பக்கத்தைக் கல்கிக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. மூன்று வருஷம் போலப் பழைய சேலம் மாவட்டத்து மண்ணில் இருந்தவர். ஆனால் அந்த மண்ணில் அவர் பார்த்தது ராஜாக்களை இல்லை, ஏழைகளை. ராஜாவும் ராணியும் குதிரையும் வரும் கதைக்கு அவர் மனசு தானாகவே காவிரிக் கரைக்குத்தான் ஓடியது. ஒருவன் பிறந்த இடத்தைக் கனவு காண்பதும், வேலை பார்த்த இடத்தைக் கண்ணால் காண்பதும் சகஜம்தானே? சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறவர்கள் எல்லாரும் ராத்திரி தூக்கத்தில் சிப்காட்டையா காண்கிறார்கள்!

தோழன் விடவில்லை. அதுக்கு அப்புறம் சொல்லு என்றான்.

அதுக்கு அப்புறம் ஆனந்த விகடன். உப்புச் சத்தியாக்கிரக காலத்தில் இன்னொரு முறை ஆறு மாதம் சிறை சென்று வந்த கல்கி, எஸ்.எஸ். வாசனின் விகடனில் ஆசிரியர் பொறுப்பில் அமர்ந்தார். பத்து வருஷம் கொடி கட்டிப் பறந்தார். 1937-ல் கள்வனின் காதலி தொடர்கதை. 1939-ல் தியாகபூமியை கே. சுப்பிரமணியம் படமாக எடுக்க எடுக்க, படத்தின் ஸ்டில்களோடு கதை பத்திரிகையில் வந்தது. இன்னொரு விஷயத்தைச் சொன்னால் ரசிப்பீர்கள். ஆடல் பாடல் என்ற பகுதியில் சங்கீதக் கச்சேரிகளை விமர்சனம் செய்ய அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் என்ன தெரியுமா? கர்நாடகம்! பழைய பாணி ஆசாமி என்ற கேலிப் பொருளில் வைத்ததுதான், மாநிலத்தை நினைத்து இல்லை. ஆனாலும் இதைச் சொன்னதும் தளிக்காரன் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

1940-41 தனிநபர் சத்தியாக்கிரகத்தில் மூன்று மாதச் சிறை. விகடனை விட்டார். நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து 1941 ஆகஸ்ட் 1-ல் கல்கி பத்திரிகையைத் தொடங்கினார். முதலுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி படத்தில் நாரதராக ஆண் வேடம் போட்டார் என்பது பலருக்கும் தெரிந்த கதை.

புதுப் பத்திரிகையின் முதல் சரித்திரத் தொடர் பார்த்திபன் கனவு. இங்கேதான் நம் கேள்வி மறுபடி வருகிறது. பல்லவனுக்குக் கப்பம் கட்ட மறுத்த சோழனின் மகன் விக்கிரமனை நாடு கடத்துகிறார்கள். எங்கே? செண்பகத் தீவுக்கு. அப்படி ஒரு தீவு சரித்திரத்தில் கிடையாது, கல்கியே உண்டாக்கியது. அந்தத் தீவில் தமிழர்கள் வாழ்கிறார்கள், ராஜாவை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். என் தோழன் இதைப் பிடித்துக்கொண்டான். இல்லாத தீவைச் சேர்க்கத் தெரிஞ்சவருக்கு இருந்த நாட்டைச் சேர்க்கத் தெரியலையா என்றான். நியாயமான அடி. கதாசிரியன் கையில் வரைபடம் இருக்கிறது, எந்த ஊரையும் அவன் போடலாம். போடாமல் விட்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று மட்டும் சாக்குச் சொல்ல முடியாது.

ஆனால் விடுவதற்கும் வெறுப்பதற்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டாமா? அதற்குச் சிவகாமியின் சபதத்தைத்தான் பார்க்க வேண்டும். 1944 முதல் 1946 வரை வந்த தொடர். அதில் கன்னட நாடு விடுபடவில்லை. கதையின் பாதியே வாதாபிதான். இன்றைய கர்நாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்து பாதாமி அது. காஞ்சிக்கு வரும் இரண்டாம் புலிகேசி, திரும்பிப் போகும்போது கிராமங்களை எரிக்கச் சொல்கிறான், சிற்பிகளின் கை கால்களை வெட்டச் சொல்கிறான். சிறைப்பட்டவர்கள் சாட்டையடிக்குத் தப்ப வேண்டுமென்று சிவகாமி வாதாபி நாற்சந்திகளில் ஆடுகிறாள். அந்த ஊர் எரிகிறவரை இங்கிருந்து நகரமாட்டேன் என்று சபதம் செய்கிறாள். நம்ம கங்கபாடிகூட வருகிறது, புலிகேசிக்குத் துணை நிற்கும் துர்விநீதன் ரூபத்தில். அதாவது எதிரிப் படையில்!

எல்லைக்கு அந்தப் பக்கம் அதே புலிகேசி யார்? நர்மதைக் கரையில் ஹர்ஷரையே தடுத்து நிறுத்திய மாவீரன். 1967-ல் ராஜ்குமார் நடித்த இம்மடி புலிகேசி என்ற கன்னடப் படம் வந்தது. பெங்களூரில் பிரேசர் டவுனுக்கே புலிகேசி நகர் என்று பெயர். வாரக் கடைசியில் நம்மில் பாதிப்பேர் அந்த வழியாகத்தான் பிரியாணி சாப்பிடப் போகிறோம், பெயரைக் கவனித்திருக்க மாட்டோம். அவனுடைய புகழை ரவிகீர்த்தி என்ற சமணக் கவிஞர் 634 வாக்கில் ஐஹொளெக் கல்வெட்டில் பாடிவைத்தார். அதில் பல்லவன் காஞ்சி மதில்களுக்குப் பின்னே ஒதுங்கியவனாக வருகிறான். பல்லவர் பக்கத்துக் கூரம் செப்பேடோ, நரசிம்மவர்மன் புலிகேசியின் முதுகிலேயே வெற்றி என்று எழுதியதாகப் பெருமை பேசுகிறது. அதாவது, தோற்றதை விட்டுவிட்டு ஜெயித்ததை எழுதுவது கல்கி கண்டுபிடித்த வழக்கம் இல்லை. கல்வெட்டுக் காலத்திலிருந்தே அப்படித்தான். கல்கி கையில் இருந்தவை பெரும்பாலும் பல்லவ, சோழச் சான்றுகள். அவற்றின் பாரபட்சம் கதைக்குள்ளும் இறங்கியது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் முழுசாகப் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். வாதாபி எரிந்ததோடு கதை கொட்டுமேளம் கொட்டி முடியவில்லை. அந்தப் படையெடுப்பை நடத்திய தளபதி பரஞ்சோதி ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு, சிறுத்தொண்டராகச் சிவத்தொண்டுக்குப் போகிறார். சபதம் நிறைவேறிய சிவகாமிக்கு மாமல்லன் கிடைக்கவில்லை, அவன் பாண்டிய இளவரசியை மணந்து பிள்ளை குட்டிகளோடு இருக்கிறான். கடைசிப் பாகத்துக்குக் கல்கி வைத்த பெயரே சிதைந்த கனவு. பகைவன் ஊர் எரிந்தால் போதும் என்று நினைத்த எழுத்தாளர் வெற்றிக்கு இப்படி ஒரு பெயர் வைப்பாரா? இன்னொன்று. கதையிலேயே மிகச் சிக்கலான மனிதர், அஜந்தா வர்ணத்தின் மேல் பித்துக்கொண்ட நாகநந்தி அடிகள். அவர் புலிகேசியின் இரட்டைச் சகோதரர், சளுக்கர்தான். வெறும் வில்லனாக இருந்தால் அவருக்கு இத்தனை பக்கங்களைக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

இந்தக் கேள்வி நம்ம ஊரில் மட்டும் கேட்பது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் டோல்கீன் என்ற பேராசிரியர் தன் மோதிரக் கதையின் முதல் பாகத்தை 1954 ஜூலையில் வெளியிட்டார். பொன்னியின் செல்வன் முடிந்த அதே வருஷம்! அதில் ஒரு முழு உலகத்தையே வரைந்தார். மேற்கும் வடக்கும் ஊர் ஊராக, பாட்டோடும் பரம்பரையோடும் வருகின்றன. கிழக்கும் தெற்கும் பெரும்பாலும் எதிரிக்குப் படை அனுப்பும் நாடுகளாக மட்டுமே வருகின்றன. அது ஆசிரியரின் பாரபட்சமா என்று இன்றைக்கும் அங்கே அடித்துக்கொள்கிறார்கள். அவர் வரைந்தது கற்பனை உலகம், கல்கி எழுதியது நிஜ மண். அதனால் நம்ம கேள்விக்குக் கனம் கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன்.

நடுவில் கல்கி சும்மா இருக்கவில்லை. தமிழிசை இயக்கத்துக்காக எழுதிப் பேசினார், மீரா படத்துக்குப் பாட்டு எழுதினார், எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழும்ப வாசகர்களிடம் நிதி திரட்டினார். 1947 அக்டோபரில் அது திறக்கப்பட்டது. 1948-49-ல் அலை ஓசை வந்தது, டில்லியும் தேசப் பிரிவினையும் வரும் சமூகக் கதை. அவர் மறைந்த பிறகு 1956-ல் சாகித்திய அகாதெமி பரிசு அதற்குக் கிடைத்தது.

இனி பொன்னியின் செல்வன். 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டு, வாராவாரம். மணியம் ஓவியம். வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப் பதினெட்டன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். அங்கிருந்து கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, இலங்கை, நாகப்பட்டினம், காஞ்சி. நம்ம பக்கம் அந்தக் குதிரை திரும்பவே இல்லை.

கதை நடப்பது பத்தாம் நூற்றாண்டின் பிற்பாதி. அப்போது நம்ம மண் யாரிடம் இருந்தது? நுளம்பர்கள், கங்கர்கள். அவர்களுக்கு மேலே இராஷ்டிரகூடப் பேரரசு. 949-ல் தக்கோலத்தில் இராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனும் கங்க பூதுகனும் சோழர் படையை முறித்தார்கள், யானை மேலிருந்த இராஜாதித்தன் மாண்டான். அந்தத் தோல்வியின் நிழலில்தான் பொன்னியின் செல்வன் கதையே நடக்கிறது. வீரநாராயண ஏரியை வெட்டியது அந்த இராஜாதித்தனின் ஆட்கள்தான் என்று கல்கி முதல் அத்தியாயத்திலேயே சொல்கிறார். ஆனால் ஏரி வருகிறது, தக்கோலத்தில் ஜெயித்தவனின் நாடு வரவில்லை. கதை முடிந்த பின்னால், அருள்மொழி 985-ல் ராஜராஜனாகி, கங்கபாடியையும் நுளம்பபாடியையும் பிடித்தார். நுளம்பபாடிக்கு நிகரிலிசோழ மண்டலம் என்று பெயரே மாறியது. அதாவது பொன்னியின் செல்வர் நம்ம பக்கம் வந்தது உண்டு. வந்தபோது கல்கியின் கதை முடிந்துவிட்டது!

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டும். கல்கி மேசையில் நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறும், சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரமும் இருந்தன. நுளம்பருக்கு அப்படித் தமிழில் ஒரு புத்தகம் இல்லை. செங்கம் நடுகற்களைத் தமிழகத் தொல்லியல் துறை தொகுத்து வெளியிட்டது 1972-ல், தருமபுரிக் கல்வெட்டுகள் 1975-ல். கல்கி போய் இருபது வருஷம் கழித்து. ஆடு மாடு மீட்கப் போய் அம்பு பட்டுச் செத்த நம்ம ஊர் வீரர்கள் அதுவரை வயலோரத்தில் குங்குமம் பூசிக்கொண்டு பெயர் தெரியாத சாமிகளாக நின்றார்கள். ஆதாரம் இல்லாமல் விட்டது வேறு, ஆதாரம் இருந்தும் மறைத்தது வேறு. ஆனால் செண்பகத் தீவுக் கேள்வி அப்படியே நிற்கிறது என்பதையும் மறைக்கமாட்டேன்.

மனசு பாரபட்சமானதா என்று பார்க்க, விட்டதை மட்டும் பார்த்தால் போதாது, தேவையில்லாமல் சேர்த்ததையும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. நாகைச் சூடாமணி விகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவிஜய அரசர் உதவியில் அந்த விகாரம் எழுந்தது ராஜராஜன் காலத்தில் என்று ஆனைமங்கலச் செப்பேடு சொல்கிறது. கல்கி அதைச் சில பத்தாண்டுகள் முன்னாலேயே கொண்டுவந்து, நோயுற்ற இளவரசனைப் புத்த பிக்ஷுக்கள் காப்பாற்றுவதாக எழுதினார். இலங்கையிலும் பிக்ஷுக்கள் அவனுக்குச் சிங்கள மகுடத்தையே நீட்டுகிறார்கள், அவன் வேண்டாம் என்கிறான். நாகநந்தியை எழுதியவர் புத்த மத விரோதி என்று யாராவது நினைத்திருந்தால், அதற்கு இது பதில். ஆனால் கூர்ந்து பார்த்தால் இலங்கையிலும் ஒரு குறை உண்டு. பிக்ஷுக்கள் வருகிறார்கள், சிலைகள் வருகின்றன, அந்த நாட்டு ராஜா மகிந்தன் மட்டும் மலைக்குள் ஒளிந்தவனாகச் செய்தியிலேயே இருக்கிறான். அவனுக்குப் பேச ஒரு அத்தியாயம் இல்லை.

இதைத்தான் கடைசியில் என் தோழனிடம் ஒப்புக்கொண்டேன். கல்கிக்கு யார் மேலும் துவேஷம் இல்லை. ஆனால் அவர் நின்று பார்த்த இடம் காவிரிப் படித்துறை. அங்கே நின்று பார்த்தால் தஞ்சை பெரிசாகத் தெரியும், காஞ்சி கொஞ்சம் சின்னதாக, வாதாபி தூரத்துப் புகையாக. நம்ம மலைகள் தெரியவே தெரியாது. வெறுப்பு என்றால் கோபித்துக்கொள்ளலாம். பார்வை எட்டவில்லை என்றால் கோபித்து என்ன பயன்? அந்தப் பக்கமும் இதே கதைதான். 1116 வாக்கில் தலக்காட்டைச் சோழரிடமிருந்து பிடித்த ஹொய்சள விஷ்ணுவர்த்தனன், தலக்காடு கொண்டவன் என்றே பட்டம் சூடிக்கொண்டான். அங்கே நின்று பார்த்தால் நம்ம பொன்னியின் செல்வரின் வம்சம்தான் விரட்ட வேண்டிய அன்னியர்!

தோழன் ஒன்றுக்கு மட்டும் மசியவில்லை. படிக்கிறவங்க லட்சக்கணக்கான பேர், அவங்களுக்கு இதெல்லாம் யார் சொல்றது என்றான். அதுவும் சரிதான். கல்கி முடிவுரையில் எது சரித்திரம், எது கற்பனை என்று பிரித்துச் சொன்னார். முடிவுரையை எத்தனை பேர் படித்தார்கள்? பாருங்கள், 2022-ல் படமாக வந்தபோது, கல்கி திரைக்குப் பின்னால் நிறுத்திய இராஷ்டிரகூடர்களை முன்னால் கொண்டுவந்தார்கள். படம் தொடங்குவதே அவர்களோடு நடக்கும் போரில்தான். விட்டுப்போன நாடு எழுபது வருஷம் கழித்து உள்ளே வந்தது, அதுவும் அடி வாங்குவதற்கு. இதற்குக் கல்கியைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவர் அங்கே ஒரு நல்ல பாத்திரத்தை, ஒரு கன்னட வந்தியத்தேவனை, உலவவிட்டிருந்தால் படம் எடுத்தவர்களுக்கும் அது கைகொடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பொன்னியின் செல்வன் 1954-ல் முடிந்தது. அதே வருஷம் டிசம்பர் 5-ஆம் தேதி, காசநோயால் கல்கி காலமானார். வயது ஐம்பத்தைந்து. உடம்பு தேய்ந்துகொண்டிருக்கும்போதே வாராவாரம் அத்தனை குதிரைகளை ஓட்டியிருக்கிறார். 1999-ல், அவருடைய நூற்றாண்டின்போது, தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. அதனால்தான் பழைய புத்தகக் கடையிலும் பேருந்து நிலையத்திலும் மலிவு விலையில் ஐந்து பாகமும் கிடைக்கிறது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கல்கி உயிராய் நேசித்த அந்தப் பொன்னி கர்நாடகத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழைவது எங்கே? நம்ம அஞ்செட்டிக் காட்டோரமாக, பிலிகுண்டுலு பக்கம். அப்புறம் ஒகேனக்கல். அப்புறம்தான் மேட்டூர், திருச்சி, தஞ்சை எல்லாம். தளிக்காரன் வீட்டிலிருந்து அந்த ஆற்றுக்குப் போகிற வழி, புத்தமங்கலத்திலிருந்து தஞ்சைக்குப் போவதைவிட அதிகம் இருக்காது என்பது அவன் கணக்கு. நான் அளந்து பார்க்கவில்லை.

அவன் இப்போது நூலகத்தில் சிவகாமியின் சபதம் எடுத்திருக்கிறான். புலிகேசி காஞ்சிக்குள் விருந்தாளியாக வரும் இடத்தில் இருக்கிறான். அடுத்து என்ன ஆகும் என்று சொல்லாதே என்கிறான். செமஸ்டர் விடுமுறைக்கு மூன்று பேரும் பாதாமி போவதாகத் திட்டம். அங்கே பாறையில் நரசிம்மவர்மன் பெயர் வெட்டிய கல்வெட்டு இன்னும் இருக்கிறதாம். வேப்பனப்பள்ளிக்காரன் டிக்கெட் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.